பனியில் கருகாது

எனக்கு வாய் நீளம். "இந்த வாயை வச்சுக்கிட்டு எந்த வீட்டுல போய் வாழப்போற?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். வீடு எதுவும் வாய்க்கவில்லை, பள்ளிக்கூடம்தான் வாய்த்தது. அறுபதுகளின் தொடக்கத்தில், மதுரையிலிருந்து ஒரு தகரப்பெட்டியும் இரண்டு கம்பளியுமாகக் கொடைக்கானலில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குத் தமிழாசிரியையாகப் போய்ச் சேர்ந்தேன். வாய் நீளமானவர்களுக்கு வகுப்பறையைப் போல வசதியான இடம் வேறு கிடையாது. நாற்பது பேர் உட்கார்ந்து கேட்பார்கள், ஒருத்தியும் திருப்பிப் பேச மாட்டாள்.

நான் நன்றாகவே பாடம் நடத்தினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போவது இன்னும் மோசமாகத் தெரியவேண்டும் என்றுதான் சொல்கிறேன். அதிலும் செய்யுள் நயம் பாராட்டலில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாடநூலில் இல்லாத ஒரு செய்யுளைக் கொடுத்து, அதன் நயங்களை எடுத்து எழுதச் சொல்லும் கேள்வி அது. பத்து மார்க். அதற்கு என்னிடம் ஒரு வரிசை இருந்தது. முதலில் திரண்ட கருத்து, பிறகு மோனை, எதுகை, அப்புறம் சொல்நயம், பொருள்நயம், அணி, கடைசியில் சுவை. "உப்புமா கிண்டுற மாதிரிதான்டி. கடுகுக்கு அப்புறம்தான் உளுந்து. வரிசை மாறுச்சுன்னா கருகிப்போகும்" என்பேன். 'இவ்வாறு புலவர் நம் உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறார்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூட வேண்டும். உள்ளம் கொள்ளை போனதா இல்லையா என்று நான் ஒருத்தியையும் கேட்டதில்லை.

ஆறாவது பாரத்தில், அதாவது எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில், கொடைக்கானலுக்கும் மேலே பூம்பாறை என்ற மலைக்கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒரு பெண் இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. தமிழில் ல, ள, ழ மூன்றும் அவளுக்கு ஒன்றுதான். ஆனால் செய்யுள் நடத்தும்போது மட்டும் கையைத் தூக்கிவிடுவாள்.

"டீச்சர், இந்தப் பாட்டு எழுதுனவரு இதையெல்லாம் நேர்ல பாத்திருப்பாருங்களா?"

"பாத்தாரா இல்லையான்னு கோர்ட்டுல போய் நீ சாட்சி சொல்லப்போறியா? எதுகையைக் கண்டுபிடிடி முதல்ல."

வகுப்பு சிரிக்கும். அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவாள்.

அவளுக்கு டீச்சராக வேண்டும் என்று ஆசை. அதைக் கேட்டவர்களிடம் எல்லாம் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். இந்த வருஷம் பாஸ் பண்ணினால் டிரெயினிங் சேர்த்துவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். பண்ணாவிட்டால் ஊருக்குத் திரும்பி வயல்வேலை, அப்புறம் கல்யாணம். இரண்டாவது முறை எழுதுவதென்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது. அரசாங்கப் பரீட்சைக்கு முன்னால் பள்ளியிலேயே செலக்‌ஷன் பரீட்சை என்று ஒன்று வைப்போம். அதில் ஒரு பாடத்தில் தோற்றாலும் அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டோம். பள்ளிக்குத் தேர்ச்சி விகிதம் முக்கியம்.

அந்த மார்கழியில்தான் நான் முதன்முதலாக உறைபனியைப் பார்த்தேன். விடிந்ததும் ஜன்னலைத் திறந்தால் புல்தரை முழுக்க வெள்ளை. மதுரைக்காரிக்குக் கேட்க வேண்டுமா? அங்கேயே நின்று வெண்பா கட்டிவிட்டேன்.

பச்சை இலைதோறும் பால்முத்துக் கோத்ததுபோல்
இச்சை யுடன்பனி ஏந்தும் மலைமகளே

இப்படிப் போகும். அந்த 'இச்சை' எதுகைக்காகப் பிடித்து உட்காரவைத்தது என்பது தமிழ் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. நாலு வரியையும் நாற்பது முறை சொல்லிப் பார்த்துப் பூரித்துப்போனேன். யாரிடமாவது காட்ட வேண்டும், ஆனால் நான் எழுதியது என்று சொல்லவும் கூச்சம். என்ன செய்தேன் தெரியுமா? செலக்‌ஷன் பரீட்சைக்குக் கேள்வித்தாள் நான்தான் தயாரித்தேன். நயம் பாராட்டுக என்ற கேள்விக்குக் கீழே, பெயர் போடாமல், என் வெண்பாவையே வைத்துவிட்டேன்.

முப்பத்தொன்பது பேர் என்னைப் பாராட்டியிருந்தார்கள். விடைத்தாள் திருத்துகிற வேலை அவ்வளவு இன்பமாக எனக்கு அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இருந்ததில்லை. முத்து உவமை அருமை, மலைமகள் என்றது அதைவிட அருமை, புலவர் உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறார். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியங்களே எனக்குத் திரும்பி வந்தன, வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். பிறகு பூம்பாறைப் பெண்ணின் தாள் வந்தது.

அவள் எழுதியிருந்தது இதுதான்: 'புலவர் பனியை முத்து என்கிறார். வெயில் ஏறியதும் அந்த இலை பனியில் கருகிவிடும். கருகிய வயலில் நின்று பார்த்தவர் முத்து என்று சொல்ல மாட்டார். இவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். இந்தப் பாட்டில் எதுகை இருக்கிறது. நயம் இல்லை.'

காது வரைக்கும் சூடேறியது எனக்கு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்று இவளுக்கு யார் சொன்னது? ஆனால் என் கோபத்துக்கு ஒரு நியாயம் வேண்டுமே. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். கருகிவிடும். பனியில் எதுவாவது கருகுமா? சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'பனியில் கருகாது. பொருட்குற்றம். புலவரைக் குறைகூற நீ யார்?' என்று எழுதினேன். பத்துக்குச் சுழி. கூட்டிப் பார்த்தால் மொத்தம் முப்பத்தொன்று. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும். நாலு மார்க் போட்டிருந்தால் போதும். அது தெரிந்தேதான் அடுத்த தாளை எடுத்தேன்.

அதோடு விட்டேனா? தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது வகுப்பில் வாசித்துக் காட்டினேன்.

"நெருப்புல கருகும், கேட்டிருக்கோம். வெயில்ல கருகும், கேட்டிருக்கோம். இவளுக்குப் பனியில கருகுதாம்! பூம்பாறையில அடுப்புக்குள்ள பனிக்கட்டிய வச்சுத்தான் சோறாக்குவீங்களாடி?"

கொல்லென்று சிரிப்பு. பின்வரிசையில் நாலைந்து பேர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் பூம்பாறையைச் சுற்றியுள்ள மேல்மலைக் கிராமத்துப் பிள்ளைகள். நான் சொன்ன வேடிக்கை அந்த மக்குகளுக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் எழுந்து நின்றாள்.

"இல்லீங்க டீச்சர், எங்க கிழங்குச் செடியெல்லாம்..."

"உக்காரு."

உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை பூம்பாறையில் தேர். என்னோடு அறையில் இருந்த கணக்கு டீச்சர் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். தேர்வானவர்கள் பட்டியல் திங்கட்கிழமைதான் ஒட்டுவார்கள், வேலை ஒன்றும் இல்லை, காலை பஸ்ஸில் கிளம்பிவிட்டோம். ஊர் நெருங்கும்போது மலைச்சரிவெல்லாம் படிப்படியாக வயல். பூண்டு போட்ட படிகள் பச்சையாக இருந்தன. நடுவே இருந்த சில படிகள் மட்டும் கன்னங்கரேல் என்று கிடந்தன. "அறுப்பு முடிஞ்சு தீ வச்சுட்டாங்கபோல" என்று கணக்கு டீச்சரிடம் சொன்னேன். பஸ் இறங்கி நடந்தபோது, ரோட்டை ஒட்டிய கறுத்த வயலில் ஒருவர் குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். தேர் அன்றைக்குமா வேலை என்று ஆச்சரியமாக இருந்தது. சும்மா போக முடிகிற வாயா எனக்கு?

"என்னங்க, வயலுக்குத் தீ வச்சீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "தீயா? பனிங்கம்மா. மூணு நாளு சேந்தாப்புல விழுந்துருச்சு. வெள்ளனே வந்து பாத்தீங்கன்னா அம்புட்டு அழகா வெள்ளவெளேர்னு கெடக்கும். வெயிலு ஏறுச்சுன்னா முடிஞ்சுச்சு சோலி. அம்புட்டுக் கிழங்குச் செடியும் கருகிப்போகும்."

ஒரு செடியைப் பிடுங்கி நீட்டினார். இலை கையில் பட்டதும் பொடிந்து உதிர்ந்தது. என் விரல்களில் கரி ஒட்டிக்கொண்டது.

"கொடைக்கானல்ல இருந்தா வர்றீங்க?" என்று கேட்டார். கணக்கு டீச்சர் பள்ளியைச் சொன்னாள். அவர் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டார். "அட! எம்மகளும் அங்கதாங்க ஹாஸ்டல்ல நின்னு படிக்குது. ஆறாவது பாரம். தேருக்கு வா தாயின்னு ஆளனுப்புனேன். பெரிய பரிச்சைக்குப் படிக்கணும், வரலேன்னு சொல்லிவிட்டுருச்சு."

எங்கள் பள்ளியில் ஆறாவது பாரம் படித்தவர்களில் பூம்பாறைக்காரி அவள் ஒருத்திதான். கணக்கு டீச்சர், பாவம், என்னைக் காட்டி, "இவங்கதான் தமிழ் டீச்சர்" என்று வேறு சொல்லித் தொலைத்தாள்.

"தமிழம்மா நீங்கதானா! உங்க பேச்சுத்தாங்க அதுக்கு எப்பப் பாத்தாலும். நானும் தமிழம்மா மாதிரி ஆவேன்னு சொல்லும். இந்த வருசம் கிழங்கு போச்சு, போகட்டும். புள்ள பாஸாயிட்டா எனக்குப் போதும்ங்க."

சும்மா அனுப்ப மாட்டேன் என்று, கருகிய செடியின் அடியில் பிழைத்துக் கிடந்த சின்ன உருளைக்கிழங்குகளைத் தோண்டி ஒரு பை நிறையக் கட்டிக்கொடுத்தார். "கோலிக்குண்டு கணக்காத்தான் இருக்கு. வெரசா வெந்துரும், ருசியா இருக்கும்." வேண்டாம் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலம் கணக்கு டீச்சர் அதைத் தோலோடு வறுத்தாள். நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

ஞாயிறு முழுக்க மனசுக்குள்ளேயே மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். கருகும் என்பது சரி என்றால் பொருட்குற்றம் இல்லை. பொருட்குற்றம் இல்லை என்றால் சுழி இல்லை. வரிசைப்படி எழுதாததற்குக் குறைத்துக்கொண்டாலும் ஐந்தாவது கொடுக்க வேண்டும். உண்மையைச் சொல்லப்போனால், அந்த நாற்பது பேரில் செய்யுளைப் படித்துவிட்டு விடை எழுதியவள் அவள் ஒருத்திதான். திங்கட்கிழமை முதல் வேலையாகத் தாளைத் திரும்ப வாங்கித் திருத்திவிடுவது என்று முடிவு செய்தபிறகுதான் தூக்கம் வந்தது.

திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியை அவராகவே என்னைக் கூப்பிட்டார். பட்டியல் அவர் மேஜைமேல் இருந்தது.

"உங்க பேப்பர்ல ஒரு பொண்ணு நாலு மார்க்ல நிக்குதே. மத்ததெல்லாம் பாஸ். தாளை வரவழைச்சு இன்னொரு தடவை பாக்குறீங்களா?"

இதைவிட நன்றாக யாராவது கதவைத் திறந்துவைக்க முடியுமா? ஆனால் தாளை வரவழைத்தால் அவரும் படிப்பார். என் சிவப்பு மையைப் படிப்பார். இந்த ஊர் விவசாயிக்குத் தெரிந்த தமிழ்ச்சொல் எங்கள் தமிழ் டீச்சருக்குத் தெரியவில்லை என்பார். இந்தச் செய்யுள் யாருடையது என்று கேட்பார். அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு தட்டில், என் மானம் இன்னொரு தட்டில். நான் யோசிக்கக்கூட இல்லை.

"சரியாத்தாங்க போட்டிருக்கேன்" என்றேன்.

"கண்டிப்பு இருக்கவேண்டியதுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஜூனில் அவள் வரவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நானும் பூம்பாறைப் பக்கம் அப்புறம் போகவில்லை. போய் அவள் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன், கிழித்தேன். இப்படி இரண்டு முறை. முப்பது வருஷம் அதற்குப் பிறகும் நயம் பாராட்டல் நடத்தினேன், நல்ல பெயர் வாங்கினேன். இதெல்லாம்கூட ஒரு மாதிரி ஜீரணமாகிவிட்டது. ஆகாதது அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்.

மத்தியானம் பட்டியலை ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை. கடைசி மணி அடித்து எல்லாரும் போனபிறகு, வகுப்பில் நான் மட்டும் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்தாள். அழுது முடித்த முகம். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இரண்டு கையாலும் ஒரு தாளை நீட்டினாள்.

"அந்தக் கேள்விய மறுபடி எழுதிக் கொண்டாந்திருக்கேங்க டீச்சர். போன தடவை புத்தி கெட்டுப்போயி எழுதிட்டேன். பனியில கருகாதுங்க டீச்சர். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். இதைப் பாத்துட்டு பெரிய டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

வாங்கிப் படித்தேன். திரண்ட கருத்து இருந்தது. மோனை, எதுகை எடுத்துக் காட்டியிருந்தாள். பச்சை இலையில் பனியை முத்தாகக் கண்ட புலவரின் கற்பனை வியக்கத்தக்கது என்று எழுதியிருந்தாள். ல, ள, ழ ஒன்றுகூடத் தப்பவில்லை. யாரிடமோ காட்டித் திருத்தி வாங்கியிருக்கிறாள். இவ்வாறு புலவர் நம் உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறார் என்று கடைசி வரி.

இரண்டு நாளைக்கு முன்னால் அவள் அப்பாவின் வயலில் நின்றுவிட்டு வந்தவள் நான். நீ முதலில் எழுதியதுதான் சரி என்று சொல்ல எனக்கு எத்தனை வார்த்தை தேவைப்பட்டிருக்கும்? அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்பத்தான் சரியா எழுதியிருக்க" என்றேன். "ஆனா லிஸ்ட் போட்டாச்சு. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது."

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். நான் அவளிடம் நன்றாக எழுதியிருக்கிறாய் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் முகம் ஒரு நொடி மலர்ந்துவிட்டது.

"ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்றாள்.