டொக்டர் தம்பி

எழுபதுகளின் நடுப்பகுதியில், சிட்னிக்கு மேற்கே செவன் ஹில்ஸில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது இது. நான் அப்போது நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவன். இப்போது கைத்தடி இல்லாமல் வாசல்படி இறங்க முடியாத கிழவன். இடையில் எத்தனையோ மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

முதலில் என் படிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். இலங்கையில் மானிடவியல் படித்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவன் நான். வந்த இடத்தில், மானிடவியலை இன்னொரு துறையோடு சேர்த்துப் படிக்கலாம் என்றார்கள். சட்டத்தோடு சேர்க்கலாம், கல்வியோடு சேர்க்கலாம், மருத்துவ பீடத்தோடும் சேர்க்கலாம். அப்போது அது புதிய ஏற்பாடு. நான் மருத்துவ பீடத்தைத் தேர்ந்தேன். வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய பெண்கள் நோய் வந்தால் ஏன் வைத்தியரிடம் போகத் தாமதிக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. வீதிக்கு இந்தப் பக்கக் கட்டடத்தில் மானிடவியல் பேராசிரியர், அந்தப் பக்கக் கட்டடத்தில் மருத்துவப் பேராசிரியர். இந்தப் பக்கத்தில் என்னைப் பாதி மானிடவியலாளன் என்று நினைத்தார்கள். அந்தப் பக்கத்தில் என்னை யாரென்றே யாருக்கும் விளங்கவில்லை. தேநீர் நேரத்தில் எந்தக் கட்டடத்துக்குப் போவதென்று தெரியாமல் வீதியோரத்தில் நின்றிருக்கிறேன்.

எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது அதைவிடக் கஷ்டம். அந்த நாட்களில் சிட்னியில் தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. ஒரு பொங்கலுக்கு எல்லோரும் ஒரு வீட்டில் கூடியபோது, பெரியவர் ஒருவர் கேட்டார்.

"தம்பி என்ன படிக்கிறீர்?"

"மானிடவியல், ஐயா."

"அதென்ன, எலும்பு தோண்டுறதோ?"

"இல்லை. மருத்துவ பீடத்தோடை சேர்ந்த ஒரு படிப்பு. சனம் வருத்தம் வந்தால்…"

"மருத்துவ பீடமோ! அதையெல்லோ முதலிலை சொல்லவேணும். பாருங்கோ, எங்கடை டொக்டர் தம்பிக்கு எவ்வளவு அடக்கம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திருத்த வாய் எடுத்தேன். அதற்குள் யாரோ கையில் பொங்கல் தட்டைத் தந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்தப் பெயர் இனித்தது. இரண்டு கட்டடங்களிலும் சேராதவனுக்கு ஒரு வீட்டில் கதிரை கிடைத்த மாதிரி. அன்றிலிருந்து நான் டொக்டர் தம்பி.

செவன் ஹில்ஸில் இருந்த குடும்பம்தான் எனக்கு மிக நெருக்கம்; கணவரை அண்ணை என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அண்ணை அங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் படங்கள் வரைந்தார். அக்கா யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். இங்கே இன்னும் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறிப் போய் அவர்கள் வீட்டில் சாப்பிடுவது என் வழக்கம்.

அன்று போனபோது அண்ணை சட்டை மாற்றி, கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் முன்னே குனிந்தபடி இருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"நல்ல நேரம் வந்தீர்," என்றார் அண்ணை. "நேற்றிலையிருந்து இவவுக்கு வயித்துக்குள்ளை குத்து. ஆஸ்பத்திரிக்கு வா எண்டால் வாறாவில்லை."

"அங்கை ஆம்பிளை டொக்டர் வயித்தைத் தொட்டுப் பாப்பார். எனக்கு ஏலாது," என்றார் அக்கா. "அதோடை குத்துக்கும் உளைவுக்கும் இங்கிலீசிலை எப்பிடி வித்தியாசம் சொல்லுறது? வீட்டிலையே ஒரு டொக்டர் வந்து நிக்கேக்கை ஏன் ஆஸ்பத்திரி? தம்பி, நீர் சொல்லும். முதல் தொப்புளைச் சுத்தி இருந்தது. இப்ப வலப்பக்கம் இறங்கியிட்டுது."

'நான் டொக்டர் இல்லை அக்கா' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கேள்விகள் கேட்டேன். சாப்பாடு இறங்குகிறதா, வாந்தி வந்ததா, காய்ச்சல் இருக்கிறதா, எப்போது தொடங்கியது. அவை வைத்தியரின் கேள்விகள் அல்ல. என் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் நான் கேட்கும் கேள்விகள். அக்கா ஒவ்வொன்றுக்கும் கணித ரீச்சர் மாதிரியே ஒழுங்காகப் பதில் சொன்னார். அதற்கு அடுத்ததாக நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி, 'ஏன் இன்னும் வைத்தியரிடம் போகவில்லை?' என்பது. அன்று மட்டும் அதைக் கேட்கவில்லை. பதில் குசினியில் நின்றுகொண்டிருந்தது.

இருவரும் என் வாயைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லவேண்டியிருந்தது.

"வாய்வாத்தான் இருக்கும், அக்கா. சுடுதண்ணிப் போத்தலாலை ஒத்தடம் குடுங்கோ. நாளைக்குப் பாப்பம்."

"பாத்தியளோ?" என்றார் அக்கா, கணவரைப் பார்த்து. வலியோடும் ஒரு வெற்றிச் சிரிப்பு. அண்ணை பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு. குசினிக் கதவருகே ஓர் ஆணி இருந்தது. கையிலிருந்த சாவியை அதில் மாட்டினார். அந்தச் சாவி இரண்டு தரம் ஆடி நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. அக்கா சாப்பிடவில்லை.

அடுத்த நாள் மத்தியானம், மருத்துவ பீட அலுவலகத்தில் வேலை செய்த பெண் என்னைத் தேடி வந்தாள். யாரோ ஒருவர் பதற்றத்தோடு தொலைபேசியில் உன் பெயரைச் சொல்லி டொக்டர் என்று கேட்டார், அப்படி ஒரு டொக்டர் இங்கே இல்லை, ஒரு மாணவன்தான் இருக்கிறான் என்று சொன்னேன் என்றாள். பிறகு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள்.

ரயிலில் போன அந்தப் பயணத்தைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அக்காவுக்குக் குடல்வால் வெடித்திருந்தது. அண்ணை வேலைக்குப் போன பிறகு வலி தாங்காமல் முனகியிருக்கிறார். பக்கத்து வீட்டு மால்டாக்காரப் பெண் உடுப்புக் காயப்போட வந்தவள், வேலிக்கு மேலால் சத்தத்தைக் கேட்டு உள்ளே ஓடி, யாரிடமும் எதுவும் கேட்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். அதுவரைக்கும் அவர்களுக்குள் வணக்கம் சொல்லும் பழக்கம்கூட இல்லை. நான் போனபோது ஈர ஏப்ரனோடு, ஆஸ்பத்திரி நடையில் போட்டிருந்த வாங்கில் இருந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அறுவைச் சிகிச்சை முடித்து வந்த வைத்தியர், பிழைத்துக்கொள்வார் என்றார். ஆனால் அதை உறுதியான குரலில் சொல்லவில்லை. வயிற்றின் மேல் ஒத்தடம் சுட்ட அடையாளம் இருக்கிறது, இந்த நோய்க்குச் சூடு ஆபத்து, அதை வைக்கச் சொன்னது யார் என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது. நான் அண்ணைக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

"ஒரு சிநேகிதர்," என்றார் அண்ணை ஆங்கிலத்தில். "நல்லதை நினைத்துத்தான் சொன்னார்."

வைத்தியர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"அப்பிடி ஒரு டொக்டர் இல்லை எண்டு அந்தப் பிள்ளை சொன்னது, தம்பி. நான்தான் பேரைப் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு நினைச்சு, ஒவ்வொரு எழுத்தாச் சொன்னனான்."

"நீங்கள் பிழையாச் சொல்லேல்லை, அண்ணை. நான் டொக்டர் இல்லை."

அவர் வாங்கில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, சற்றுத் தள்ளி இருந்து எனக்கும் இடம் விட்டார். அவர் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அக்கா பிழைத்தார். பல வாரங்களுக்குப் பிறகு வீடு வந்தார். மிகவும் மெலிந்திருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்கச் சொற்கள் தயாராக வைத்திருந்தேன். அவர் இடம் தரவில்லை.

"அது கிடக்கட்டும். அப்ப நீர் உண்மையா என்னதான் படிக்கிறீர்? இண்டைக்காவது ஒழுங்காச் சொல்லும்."

முதல் தடவையாக முழுவதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பொம்பிளையள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகினமில்லை எண்டு. நல்ல படிப்பெல்லோ? இதைச் சொல்ல உமக்கென்ன வெக்கம்?" என்றார். பிறகு, "என்ரை கதையையும் எழுதும். ஆனால் உள்ளபடி எழுதும். வெக்கத்தாலை போகேல்லை எண்டு மட்டும் எழுதாதையும். கூட்டிக்கொண்டு போக வெளிக்கிட்டவரை ஒரு ஆள் மறிச்சதெண்டும் எழுதவேணும். என்ன?"

"ஓம் அக்கா," என்றேன்.

எழுதினேன். எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. தகவல் தந்தவர்களின் பெயரை வெளியிடமாட்டோம், அடையாளத்தை மாற்றிவிடுவோம். அவர்களுக்குக் கேடு வரக்கூடாது என்பதற்கான நல்ல வழக்கம் அது. அதற்குள் நான் ஒளிந்துகொண்டேன். 'சமூகத்தில் மதிப்புப் பெற்ற, படித்த ஒருவர் அவரை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தடுத்தார்' என்று எழுதினேன். இரண்டு பேராசிரியர்களிடமும் அதைக் கேள்விப்பட்ட கதையாகவே சொன்னேன். இரண்டு பேருக்கும் அந்த அத்தியாயம்தான் மிகவும் பிடித்தது. இரண்டு துறைகளும் உண்மையாகச் சந்திக்கிற இடம் இதுதான் என்று ஒருவர் ஓரத்தில் குறித்திருந்தார். எனக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது; இனிப் பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போடலாம்.

அதைக் கொண்டாட அண்ணையும் அக்காவும் தங்கள் வீட்டிலேயே விருந்து வைத்தார்கள். மால்டாக்காரப் பெண்ணும் வந்திருந்தாள். அக்கா சோறு போட்டபடி சிரித்தார்.

"இனிப் பயமில்லாமல் டொக்டர் தம்பி எண்டு கூப்பிடலாம். ஆனால் வயித்துக்குத்து மட்டும் சொல்லமாட்டன்."

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"எங்கடை கதை வந்ததோ?"

"ஓம் அக்கா."

"உம்மையும் எழுதினீரோ?"

"ஓம்."

அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு விட்டார். அதைப் படித்துப் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. நான் சொன்னால் அவருக்குப் போதும். அன்று குசினியிலும் அப்படித்தான்.

பிறகு மெல்பேர்னில் வேலை கிடைத்துப் போனேன். மானிடவியலைச் சட்டத்தோடு சேர்ப்பதா, சுகாதாரத்தோடு சேர்ப்பதா என்று கேட்டு வந்த மாணவர்கள் பலருக்கு வழி சொல்லியிருக்கிறேன். எதோடு வேண்டுமானாலும் சேருங்கள், ஆனால் நீங்கள் யார் என்று கேட்டால் முழுவதையும் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் எடுத்தாலும் சொல்லுங்கள் என்பேன். அது ஏதோ துறைசார்ந்த நுணுக்கம் என்று நினைத்துக் குறித்துக்கொள்வார்கள். ஏன் சொல்கிறேன் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை.

அண்ணை முந்திவிட்டார். அக்கா போன வருடம் போனார். செத்தவீட்டில் அவருடைய சகோதரரின் பிள்ளைகள் என்னை, "டொக்டர் அங்கிள், மாமி உங்களைப் பற்றி எப்பவும் பெருமையாகச் சொல்லுவா," என்று அறிமுகப்படுத்தினார்கள். நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

இதிலும் நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவரின் கையிலிருந்த சாவியை ஆணிக்குத் திருப்பி அனுப்பிய அந்த 'மதிப்புப் பெற்ற, படித்த ஒருவர்' நான்தான் அக்கா, நீங்கள் சொன்னபடி இப்போதுதான் எழுதியிருக்கிறேன்.