வித்தியாதரிசி வந்த சனிக்கிழமை

2011ஆம் ஆண்டு. சிட்னியில் குளிர் போகவும் மனமில்லாமல் இருக்கவும் மனமில்லாமல் நின்ற ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. டூங்கபியில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளில், சனிக்கிழமைகளில் மட்டும் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே ஆசிரியை இல்லை. மன்னார்க் கரையில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துக் குசினி என் கையில் இருந்தது. ஆசிரியர்களுக்கும், பிள்ளையை விட்டுவிட்டுக் காத்திருக்கிற பெற்றோருக்கும் தேத்தண்ணியும், இறைச்சியும் கிழங்கும் சுருட்டிப் பொரித்த ரோல்ஸும் கொடுப்பது நான்தான். என் ரோல்ஸுக்காகவே பிளாக்டவுனில் இருந்து பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் உண்டு. நான் சொல்லவில்லை, அவர்களே சொன்னது.

நான் மகள் வீட்டில் இருக்கிறேன். கிழமை நாட்களில் மகளும் மருமகனும் விடியவே வேலைக்குப் போய்விடுவார்கள். பிறகு பின்னேரம் வரைக்கும் நானும் வானொலியும்தான். சனிக்கிழமை வந்தால்தான் நான் வாய் நிறையக் கதைப்பது. இதை மகளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. 'பாவம்' என்று என்னை ஒருவர் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

அந்த வகுப்பறைகளை எங்களுக்கு ஒரேயடியாகத் தந்துவிடவில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் அரசாங்கத்தில் இருந்து ஒருவர் வந்து, பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கிறதா, பிள்ளைகள் உண்மையில் ஏதும் படிக்கிறார்களா என்று பார்ப்பார். இப்படி வருகிறவரை ஊரில் நாங்கள் வித்தியாதரிசி என்போம். நான் படித்த கொஞ்சக் காலத்திலும் ஒரு வித்தியாதரிசி வந்தார். அன்றைக்கு ஆசிரியர் எங்களுக்கு முன்னாலேயே நடுங்கினார்.

இங்கே வந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அந்த வருடம் முன்பே ஒருமுறை வந்து, பிள்ளைகள் பாட்டு ஒப்புவித்ததைக் கேட்டுவிட்டு, முடிவு சொல்லாமல் போயிருந்தார். "பிள்ளைகள் நன்றாக மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு மொழி தெரியுமா என்பது எனக்குத் தெரியவில்லை. எனக்கோ தமிழ் தெரியாது. இன்னொருமுறை வந்து பார்த்த பிறகுதான் சொல்வேன்" என்றாராம். எங்கள் அதிபர், தலைமை ஆசிரியர், அதை எல்லோருக்கும் சொன்னபோது அவருடைய முகத்தில் இரத்தம் இல்லை. நல்ல மனுஷன் அவர். கிழமை முழுக்கப் பண்டசாலையில் சாமான் தூக்கி இறக்கிவிட்டு, சனிக்கிழமை கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்பார். ஒரு சதம் வாங்கமாட்டார்.

"இந்த இடம் போனால் வேற இடம் கிடைக்காது அன்ரி" என்றார் என்னிடம். "பள்ளிக்கூடம் ரெண்டு சனிக்கிழமை நிண்டுதெண்டா, மூண்டாம் சனிக்கிழமை பிள்ளையள் எல்லாம் நீச்சலுக்குப் போயிடும். பிறகு ஆர் திருப்பிக் கொண்டுவாறது?"

என் சனிக்கிழமையும் அதோடு போய்விடும் அல்லவா. ஆனால் வாயால் சொன்னது, "ஒண்டும் நடக்காது, மாதா பாத்துக்கொள்ளுவா" என்பதுதான்.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் சேலை, வேட்டி. வாசலில் நிறைகுடம். பிள்ளைகளுக்கு இரண்டு கிழமையாக ஒரே பாட்டு, ஒரே பேச்சு. நானும் நல்ல சேலை உடுத்துக்கொண்டு போனேன். அதிபர் என்னைக் கண்டதும் குசினி வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. இண்டைக்கு நீங்கள் குசினியிலேயே இருங்கோ. அவ இங்கிலிஷில ஏதும் கேட்டா உங்களுக்குத்தான் சங்கடம்."

"எனக்கென்ன சங்கடம்? என்ர பாஷை தெரியாதது அவ. சங்கடம் அவவுக்குத்தான்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஆனாலும் பள்ளிக்கூடத்தின் நன்மைக்குத்தானே என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டு தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

அந்தப் பெண்மணி வந்தார். காற்சட்டை, கம்பளிச் சட்டை, நரைத்த தலை. என்னைவிடக் கொஞ்சம்தான் இளமையாக இருப்பார். பிள்ளைகள் பாடினார்கள், பேசினார்கள். எல்லோரையும்விட வடிவாகப் பேசியது அதிபரின் மகள். பதினொரு வயது இருக்கும். பேச்சுப் போட்டிகளில் கிண்ணம் கிண்ணமாக வாங்குகிற பிள்ளை. மூச்சு விடாமல் பேசி முடித்தது. பெண்மணி கைதட்டினார். ஆனால் முன்னைப் போலவே பேனாவை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். குசினிக் கதவிடுக்கால் எனக்கு எல்லாம் தெரிந்தது. நான் மனதுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

இடைவேளையில் அவர் நேரே குசினிக்கே வந்துவிட்டார். அதிபர் பின்னால் ஓடி வந்தார். பெண்மணி ஒரு ரோல்ஸ் எடுத்துக் கடித்தார், கண்ணை மூடினார், பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் சிரித்தேன். திரும்பவும் கேட்டார். நான் திரும்பவும் சிரித்தேன். அதிபர் குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று விளங்காமலா போகும்? 'இவருக்கு ஆங்கிலம் தெரியாது' என்பதுதான். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண்மணியின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. ஒரு சொல்லும் தெரியாதா என்று கேட்டாராம். ஒரு சொல்லும் தெரியாது என்றாராம் அதிபர். "அப்படியென்றால் இவரைக் கொஞ்ச நேரம் எனக்குத் தாருங்கள்" என்றாராம். இதெல்லாம் பிறகு அதிபர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது, ஒரு வெள்ளைக்காரி என் கையைப் பிடித்து வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போகிறாள் என்பது மட்டும்தான்.

முன்னால் ஒரு கதிரை போட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் கதிரை. முழங்கால் நாடிக்கு வந்துவிட்டது. அதிபர் எனக்கு விளங்கப்படுத்தினார்: அந்தப் பெண்மணி ஒரு பிள்ளையின் காதுக்குள் ஆங்கிலத்தில் ஒரு வேலையைச் சொல்வார். பிள்ளை அதைத் தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும். நான் செய்ய வேண்டும். செய்தால் பிள்ளைக்குத் தமிழ் தெரியும். மற்றப் பெரியவர்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது.

முதலில் கெல்லிவில்லில் இருந்து வருகிற ஓர் இந்தியத் தமிழ்ப் பிள்ளை வந்தது. "பாட்டி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துறீங்களா? குளிருது" என்றது. எங்கள் பேச்சில் யன்னலைப் பூட்டுவது என்போம். இருந்தாலும் விளங்காதா? எழும்பிப் போய்ச் சாத்தினேன். பெண்மணி தலையை ஆட்டினார். அடுத்து ஒரு சின்னவன். "அன்ரி, கை தட்டுங்கோ" என்று அவன் கத்தியதில் வகுப்பே கைதட்டியது.

மூன்றாவதாக அதிபரின் மகளைக் கூப்பிட்டார். இந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் நீளமான வேலையாகச் சொன்னார் போலிருக்கிறது. காதுக்குள் குசுகுசுவென்று நெடுநேரம். பிள்ளை வந்து என் முன்னால் நின்றது. நின்றது, நின்றது, அப்படியே நின்றது. கிண்ணம் வாங்கிய வாய் திறக்கவில்லை. எழுதிக் கொடுத்ததைப் பேசிப் பேசிப் பழகிய பிள்ளை. எழுதாததைச் சொல்லச் சொன்னால் என்ன செய்யும்?

பின் சுவரோடு அதிபர் நின்றார். என்ன வேலை கொடுக்கப் போகிறேன் என்று பெண்மணி அவரிடம் முன்பே சொல்லியிருந்தாராம். தகப்பன் மனம் பொறுக்குமா? பெண்மணி பார்க்காத நேரமாகத் தன் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டார். பிறகு கண்ணால் என் பக்கத்து மேசையைக் காட்டினார். திரும்பவும் பேனாவைத் தொட்டார்.

எனக்கு விளங்கிவிட்டது. மேசையில் இருந்து பேனை எடுக்க வேண்டும். பிள்ளை பெண்மணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, மெல்லச் சொன்னதாக நினைத்துக்கொள்வார், எழும்பி எடுத்துவிட்டால் முடிந்தது. வகுப்பறையும் தப்பும், என் சனிக்கிழமையும் தப்பும். உண்மையைச் சொன்னால் கால் கொஞ்சம் எழும்பவும் பார்த்தது. ஆனால் அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அது வாய் திறக்காமலே நான் எழும்பினால், வித்தியாதரிசிக்குத் தெரியாமல் போனாலும் பிள்ளைக்குத் தெரியுமே. கடலிலும் கரையிலும் கஷ்டப்பட்ட காலத்திலும் களவாக ஒன்றும் செய்யாதவள், பள்ளிக்கூடத்துக்குள் வந்தா களவு செய்வது? அசையாமல் இருந்தேன். அதிபரின் முகத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஆனால் அந்தக் கதிரை என்னைக் கொன்றுகொண்டிருந்தது. "என்ன பிள்ளை, வாய்க்குள்ள கொழுக்கட்டையே? எனக்குக் கால் விறைக்குது, கெதியாச் சொல்லு" என்றேன்.

பிள்ளைக்கு ரோசம் வந்துவிட்டது. "பொறுங்கோ அன்ரி, யோசிக்கிறன்" என்றது.

"யோசிச்சது காணும். இருட்டப் போகுது."

"பெட்டியைத் திறவுங்கோ" என்றது படாரென்று. "உள்ளுக்கு... சிவப்புப் பேனை இருக்கு. எடுத்து... பின்னுக்கு இருக்கிற... மஞ்சள் சட்டைப் பிள்ளைக்குக் குடுங்கோ."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். மேசையில் மூன்று ஐஸ்கிரீம் பெட்டிகள் இருந்தன. எங்கள் சனம் ஐஸ்கிரீம் முடிந்தாலும் பெட்டியை எறியாது என்பது தெரிந்ததுதானே. நான் ஒன்றைத் திறந்தேன். உள்ளே என் ரோல்ஸ். காலையில் வகுப்பு ஆசிரியைக்கு என்று நானே கொண்டுவந்து வைத்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

பிள்ளை ஓடி வந்தது. "அன்ரி, அது ரோல்ஸ் பெட்டி. அதுக்குள்ள பேனை இருக்குமே? மற்றதைத் திறவுங்கோ."

"நீ பெட்டி எண்டுதானே சொன்னனீ. எந்தப் பெட்டி எண்டு சொன்னனீயே?"

"நீங்கள் அவசரப்பட்டுத் திறந்தா நான் என்ன செய்யிறது? நீல மூடி அன்ரி, நீல மூடி. ஐயோ, அது பச்சை."

"என்ர கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"அப்ப கண்ணாடியைப் போடுங்கோவன். நெத்தியில ஏன் வச்சிருக்கிறியள்?"

கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு நீல மூடியைத் திறந்து, சிவப்புப் பேனையை எடுத்து, பின்னால் கொண்டுபோய் மஞ்சள் சட்டைப் பிள்ளையிடம் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்னதில் ஒரு சொல் அவருக்கு விளங்கியிராது. ஆனால் ஒரு பிள்ளையும் ஒரு கிழவியும் வாய்ச்சண்டை பிடிப்பது எந்த நாட்டுக்காரருக்கும் விளங்கும். மனப்பாடம் செய்து யாரும் சண்டை பிடிக்க முடியாதே.

பிறகு அவரும் அதிபரும் வெளியே போய்க் கதைத்தார்கள். நான் குசினிக்குப் போய், கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவினேன். யன்னலால் அவர்களுடைய வாய் அசைவது தெரிந்தது. ஒன்றும் விளங்கவில்லை. அந்த நேரம்தான் ஆங்கிலம் படிக்காமல் போனேனே என்று நான் உண்மையாகவே கவலைப்பட்ட நேரம்.

கார் வெளிக்கிட்ட சத்தம் கேட்டது. அதிபர் குசினிக்குள் வந்தார். அரிசி மூட்டை மாதிரிக் கதிரையில் விழுந்தார். கழுத்துப் பட்டியைக் கழற்றி மேசையில் போட்டார்.

"என்ன தம்பி, என்னவாம்?"

"ஒரு தேத்தண்ணி தாங்கோ அன்ரி, சொல்லுறன்."

"சொன்னால்தான் தேத்தண்ணி."

"புதுப்பிக்கச் சொல்லி எழுதுறனெண்டு சொல்லிட்டா" என்றார். "பாட்டுப் பேச்சைக் குறைக்கட்டாம். பிள்ளையளைக் கதைக்க விடட்டாம். இங்கிலிஷ் தெரியாத ஒரு ஆள் உங்கட பள்ளிக்கூடத்தில இருக்கிறது உங்கட அதிர்ஷ்டம், அவவைக் குசினிக்குள்ள வச்சு என்ன செய்யிறியள் எண்டு கேட்டிட்டுப் போறா."

அப்படி ஒரு மூச்சு என் நெஞ்சில் இருந்து இறங்கியது. எத்தனை நாளாக அதை உள்ளே வைத்திருந்தேனோ தெரியாது.

பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்: "நான் பேனையைக் காட்டினது உங்களுக்குத் தெரிஞ்சதோ அன்ரி?"

"கண்ணாடி நெத்தியில கிடந்தது தம்பி. எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லித் தேத்தண்ணியை நீட்டினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

"ஒண்டு சொல்லுறன்" என்றார் போகும்போது. "நீங்கள் இனி இங்கிலிஷ் கிளாசுப் பக்கம் போகப்படாது. போனால் பள்ளிக்கூடத்தை மூடிப்போடுவினம்."

சில கிழமைகளில் ஒப்பந்தம் புதுப்பித்த கடிதம் வந்தது. அதற்குப் பிறகு பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் முறை வைத்துக் குசினிக்கு வந்து என்னோடு கதைத்தார்கள். கதைக்க வந்தார்களா ரோல்ஸுக்கு வந்தார்களா என்பது வேறு விஷயம். அதிபரின் மகள் வந்தால் மட்டும் கதை கடைசியில் சண்டையில்தான் முடியும்.

அதுவரை கடையிலோ வைத்தியரிடமோ யாராவது ஆங்கிலத்தில் ஏதும் கேட்டால், விளங்கிய மாதிரித் தலையை ஆட்டிவிட்டு விலகிப் போவேன். அன்றோடு அந்தத் தலையாட்டல் நின்றது. இப்போதெல்லாம் விளங்கவில்லை என்று நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எதிரில் இருக்கிறவரும் கொஞ்சம் யோசித்து, கையைக் காலைக் காட்டி, ஏதோ ஒரு வழியில் எனக்குச் சொல்லிவிடுகிறார். ஒருவருக்கு விளங்கவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, விளங்கப்படுத்தும்வரை நகராமல் நின்றால் போதும் என்ற நிம்மதி எனக்கு வந்து இத்தனை வருடமாகியும் இன்னும் போகவில்லை.