பீஸ் ஒன்றும் இல்லை

நான் இறால் படித்தவள். களப்பு இறாலின் நரம்பை நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பார்த்தே பேராசிரியரானேன். ஊருக்குத் திரும்பி வந்தபின் ஒருநாள் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், அம்மா அடுப்பில பால் வச்சதையே மறந்துபோறா. ஏன்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. நாற்பது வயதுக்கு மேல் திரும்பவும் புத்தகம் தூக்கி மூளையைப் படித்தேன், படிப்பித்தேன், கடைசியில் மறதியைப் பற்றி ஆராய்ச்சியும் தொடங்கினேன்.

ஸ்கான் எடுக்க வருபவர்களுக்கான ஆங்கிலப் படிவத்தை நானே தமிழாக்கினேன். "உடலில் உலோகம் ஏதேனும் பொருத்தப்பட்டுள்ளதா?" என்ன செந்தமிழ்! விசுவமடுவிலிருந்து வந்த ஆறு பேரும் "இல்லை" என்று எழுதித் தந்தார்கள்.

அந்த இயந்திரம் முழுக்கக் காந்தம். முதலில் போகவேண்டிய பெண் தோட்டையும் கொண்டை ஊசியையும் கழற்றி வைத்துவிட்டு அறை வாசலில் நின்று என்னைக் கேட்டார்.

"மிஸ், பீஸ் ஒண்டும் பிரச்சினையில்லையே?"

"பீஸ் ஒண்டும் இல்லையக்கா. எல்லாம் சும்மாதான். போங்கோ."

ஒரு கால் உள்ளே வைத்தவர் திரும்பிப் பார்த்தார். "காசைக் கேக்கேல்ல மிஸ். செல் பீஸ். இஞ்ச கிடக்கு." காதுக்குப் பின்னால் மயிரை விலக்கிக் காட்டினார். தழும்பு.

"ஐயோ, நில்லுங்கோ!" என்று கத்தி அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். இன்னும் நாலு அடி போயிருந்தால் அந்தக் காந்தம் தலைக்குள் கிடக்கிற இரும்பைச் சும்மா விட்டிருக்குமா? சண்டை நடந்த காலம் முழுக்க நான் வெளிநாட்டில் இறாலோடு இருந்தவள். பீஸ் என்றால் எனக்குக் கட்டணம்; அவர்களுக்கு உடம்பில் ஏறிய எறிகணைத் துண்டு. கோதாரியில் போன படிப்பு!

"படிவத்தில இல்லையெண்டெல்லோ எழுதினனீங்கள்?"

"பொருத்தினதோ எண்டுதானே கேட்டிருக்கு மிஸ். இதை ஆர் பொருத்தினது? தானா வந்து ஏறினது."

மற்ற ஐந்து பேரும் வெளியே நீள வாங்கில் வரிசையாக இருந்தார்கள். ஓடிப்போய்க் கேட்டேன். "செல் பீஸ் இருக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

நாலு கைகள் உயர்ந்தன.

கடைசியில் இருந்தவர் சங்கடத்தோடு சிரித்தார். "என்னால உயர்த்தேலாது மிஸ். தோளிலதான் கிடக்கு."