இரண்டு பிரேக் லீவர்கள்

மரக்காணத்து உப்புக்காற்று என் ஸ்கூட்டரின் அலுமினிய பிரேக் லீவர்களை அரித்துவிட்டது. அலுமினியத்தை ஆசிடில் முக்கி கரண்ட் கொடுத்தால் மேலே கெட்டியான படலம் பிடிக்கும். அதற்கு அனோடைசிங் என்று பெயர். புதுச்சேரியில் ஒருவர் அதைத் தொழிலாகவே செய்கிறார். இதற்கெல்லாம் ஒரு ஆளா என்று நானே இறங்கினேன். பேட்டரி ஆசிடில் வீட்டு போர் தண்ணீரைக் கலந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை வீணடித்தேன். லீவர்கள் அம்மைத் தழும்பு முகம்போலக் குழிகுழியாக வந்தன.

கடைசியில் அவரிடமே கொண்டுபோனேன்.

"என்ன தண்ணி கலந்தீங்க? உப்பு இருந்தா இப்படித்தான் குழி விழும்."

"எங்க வீட்டு தண்ணிங்க. உப்பே கிடையாது. குடிச்சுப் பாருங்க" என்று என் பாட்டிலை நீட்டினேன்.

ஒரு வாய் குடித்தவர் வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினார்.

லீவர்களை அவரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். வழியில் தாகமெடுத்தது. பாட்டிலில் இருந்த மீதியைக் குடித்தேன். அப்போதும் உப்பு தெரியவில்லை.