நல்ல வார்த்தையும் சொல்லாத தாவூத் பாய்

போன வாரம் மைசூர் எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கிருஷ்ணகிரியிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் படிக்கட்டில் நின்றபடியே சொன்னார்: “ஏட்டய்யா, உங்க ஆபீஸ் தாவூத் பாய் மவுத்தாயிட்டாராம். சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்னு பேசிக்கிறாங்க.” நான் தலையாட்டிவிட்டு அடுத்த லாரியின் தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்து முடித்தபோது எதற்காக அவிழ்க்கச் சொன்னேன் என்பதே மறந்துபோயிருந்தது. அனுமதி வாங்கிக்கொண்டு எதிரே வந்த பஸ்ஸில் ஏறினேன்.

இதைப் படிக்கிற போலீஸ் நண்பர்களில் அவர்மேல் மனத்தாங்கல் இல்லாதவர்கள் குறைவு. எனக்கு இருந்தது மனத்தாங்கல் அல்ல, அசல் கோபம். போனவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். தாவூத் பாய்க்கு அந்த வழக்கம் பிடிக்காது. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஆபீசில் கான்ஸ்டபிள்களின் சர்வீஸ் புத்தகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. யாருக்கு என்ன தண்டனை, யார் எதற்காகக் கண்டிக்கப்பட்டான், யாருக்கு என்ன வியாதி, யார் பொய் சொல்லி லீவு எடுத்தான், எல்லாம் அவருடைய மர பீரோவில் இருந்தது. எங்கள் மானம் மொத்தமும் அதற்குள்தான் என்று வேடிக்கையாகச் சொல்வோம். வேடிக்கை பாதிதான்.

ஒருமுறை ஓசூர்ப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் வந்தார். அவர் மகன்மேல் எங்கள் கான்ஸ்டபிள் ஒருவன் வழக்குப் போட்டிருந்தான். அவன் புத்தகத்தில் ஏதாவது அழுக்கு இருந்தால் வக்கீலுக்கு உதவும் என்று நினைத்தார். முதலில் தமிழில் கேட்டார். “சொல்ல மாட்டேன்” என்றார் பாய். உறவு கொண்டாடலாம் என்று தெலுங்குக்கு மாறினார். “செப்பனு” என்று பதில் வந்தது. கோபம் வந்து கன்னடத்தில் கத்தினார். “ஹேளல்லா” என்றார் பாய், குரலைக் கூட உயர்த்தாமல். பிறகு நாற்காலியைக் காட்டி, “கோர்ட்டு கேட்டா மேலதிகாரி வழியா புத்தகம் முறைப்படி போவும். நீங்க கேட்டா போவாது. டீ சாப்பிடறீங்களா?” என்றார். பண்ணையார் டீ சாப்பிடாமல் போய்விட்டார்.

இதுவரை அவரை எல்லோரும் மெச்சுவார்கள். தகராறே இதற்கு அப்புறம்தான். சிங்காரப்பேட்டையிலிருந்து பெண்ணைப் பெற்ற ஒருவர் வந்து, எங்கள் கான்ஸ்டபிள் ஒருவனைப் பற்றி விசாரித்தார். தங்கமான பையன் அவன். அவன் புத்தகத்தில் பாராட்டைத் தவிர வேறு எதுவும் இருந்திருக்காது என்று எங்கள் எல்லோருக்கும் நிச்சயம். பாய் வாயைத் திறக்கவில்லை. “நல்ல பையன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க பாய், நான் நிம்மதியா ஊருக்குப் போவேன்” என்று அந்த மனிதர் கெஞ்சியே பார்த்தார். அவர் முகம் வாடிப் போன பிறகு நாங்கள் பாயைச் சூழ்ந்துகொண்டோம். நல்லதைச் சொல்வதில் என்ன குறைந்துவிடும் என்று சண்டை பிடித்தோம்.

“நல்லவனுக்கு நல்லவன்னு சொல்லிட்டா, அடுத்தவனைப் பத்திக் கேக்கறப்ப நான் வாயை மூடினா என்னா அர்த்தம்?” என்று திருப்பிக் கேட்டார். “அப்ப நான் சும்மா இருக்கறதே காட்டிக் கொடுக்கறதா ஆயிடாதா?”

பதில் சரிதான். ஆனாலும் எங்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த நியாயம் அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. எங்களோடு வேலை பார்த்த சுல்தான் அவர் மகளைப் பெண் கேட்டான். (சுல்தானிடம் கேட்டுக்கொண்டுதான் அவன் பெயரை எழுதுகிறேன். அந்தப் பெண்ணின் பெயரை எழுத மாட்டேன். அவர் இன்று வேறு வீட்டு மருமகள்.) பாய் வேண்டாம் என்றுவிட்டார். மறுநாளே கடைத்தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. புத்தகத்தைப் பார்த்தவரே பெண் தரவில்லை என்றால், பையனிடம் ஏதோ இருக்கத்தானே வேண்டும்? சுல்தான் தலையைக் குனிந்துகொண்டு நடக்க ஆரம்பித்தான். தான் ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சொன்னதாக ஆகிவிட்டது என்பது பாய்க்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னார்: “போலீசுக்குப் பொண்ணு கொடுக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். அவன் எப்பேர்ப்பட்ட பையனா இருந்தாலும் சரி.” பேச்சு அடங்கியது. கிழவருக்குப் போலீஸ் உத்தியோகமே பிடிக்கவில்லை போல என்று ஊர் சிரித்துவிட்டு விட்டுவிட்டது.

அடுத்த வருஷம், அந்த முடிவு இதற்குள் இளகியிருக்கும் என்று நம்பி, ஊத்தங்கரையிலிருந்து என் அம்மா வந்து அதே பெண்ணை எனக்காகக் கேட்டார். பாயின் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். எனக்கு எவ்வளவு சம்மதம் என்பதை இங்கே விவரிக்கத் தேவையில்லை. பாய் வேண்டாம் என்றார்.

ஆபீசுக்குப் போய் அவர் மேஜைக்கு எதிரே நின்றேன்.

“என் புத்தகத்துல ஒரு கீறல்கூட இல்ல. அது உங்களுக்கே தெரியும் மாமா.”

“ஆபீசுல மாமான்னு கூப்பிடாதே. உன் புத்தகத்துல என்னா இருக்கு, என்னா இல்லன்னு உங்கிட்டகூட இப்படி நின்னு பேச மாட்டேன்.”

“அப்ப ஏன் வேணாங்கறீங்க?”

“உனக்குக் கொடுத்தா சுல்தான் என்னா ஆவான்? இப்பத்தான் அவனுக்கு வாணியம்பாடியில பொண்ணு பேசறாங்க. போலீசுக்குக் கொடுக்க மாட்டேன்னு சொன்ன மனுசன் உனக்கு மட்டும் கொடுத்தான்னா, அவங்க என்னா நெனைப்பாங்க?”

“சுல்தானுக்காக நானா இழக்கணும்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வீட்டுல யாரும் என்கூடப் பேசறதில்லப்பா. அவ அம்மா சோத்தை வெச்சிட்டு அந்தாண்ட போயிடறா. உன்னைவிட நல்ல மாப்பிள்ளை எனக்குக் கிடைப்பானான்னு தெரியல. ஆனா இதுக்கு மேல என்னைக் கேக்காதே.”

அன்று அவரை நான் வெறுத்தேன். காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற மனிதருக்குப் பெற்ற மகள் எதற்கு என்று முகத்துக்கு நேரே கேட்டேன். சுல்தானுக்கு வாணியம்பாடிச் சம்பந்தம் முடிந்தது. பாயின் மகளை ஒரு துணிக்கடைக்காரர் வீட்டில் கொடுத்தார்கள். அழைப்பைப் பாயே என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். நான் போகவில்லை.

பிறகு எனக்கும் வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். என் வருங்கால மாமனார் என்னைப் பற்றி விசாரிக்க நேரே யாரிடம் போனார் தெரியுமா? தாவூத் பாயிடம். பெண் கேட்டு வந்த பையனாயிற்றே, பாவம் என்று ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊஹூம். “ஊத்தங்கரை போயி அக்கம்பக்கத்துல விசாரிங்க” என்று அனுப்பிவிட்டார். மாமனார் பயந்துபோய், ஊத்தங்கரையில் டீக்கடை, நாவிதர் கடை, மளிகைக் கடை என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். இன்றும் என் மனைவி அதைச் சொல்லிச் சிரிப்பாள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் என் கோபம் கரைந்தது என்று நினைக்கிறேன்.

அடக்கத்தன்று சந்தூக்குப் பெட்டியைச் சுல்தானும் நானும் முன்பக்கம் தூக்கினோம். மண் தள்ளி, துஆ ஓதி முடிந்து, எல்லோரும் கலைந்த பிறகு நாங்கள் இருவரும் கபரஸ்தான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். சுல்தானின் கண் சிவந்திருந்தது.

“எனக்காகத்தான் உனக்குக் கொடுக்கலன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சித்தான் தெரிஞ்சுது” என்றான். “உங்கிட்டயாவது சொல்லிடறேன். அன்னிக்கு என் புத்தகத்துல என்னா இருந்துச்சுன்னா...”

“சொல்லாதே” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான்.

“இருந்துச்சோ இல்லியோ, எனக்கு வேணாம் சுல்தான்.”

அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். பெற்ற மகளின் சந்தோஷத்தையும் என்னுடையதையும் கொடுத்து அந்த மனிதர் மூடிவைத்த விஷயம் அது. அவர் மேல் போட்ட மண் ஈரம் காயும் முன் அதைத் திறந்து பார்க்க நான் யார்? தாவூத் பாயிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். சுல்தானைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதைக் கடைசிவரை அப்படியே வைத்திருப்பேன்.