தலைவாரி பார்த்த அலை

எங்கள் ஆஸ்பத்திரியில் ‘தலைவாரி’ எங்கே என்று கேட்டால் யாரும் சீப்பை எடுத்து நீட்டமாட்டார்கள். கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, கடைசிக் கதவைக் காட்டுவார்கள். மூளையின் அலையைப் பதிவு செய்யும் அறை அது. உள்ளே ஒல்லியாக, காதுக்கு மேலே நரைத்த ஒருவர், யாரோ ஒருவரின் தலைமுடியைச் சீப்பின் வால் முனையால் வகிடு வகிடாகப் பிரித்து, வகிட்டில் பசை தடவி, ஒவ்வொரு ஒயராக ஒட்டிக்கொண்டிருப்பார். அவர்தான் தலைவாரி.

நான் அங்கே சங்க வேலை பார்த்தவன். ஆட்களைப் பற்றிக் கூட்டிச் சொல்லிப் பழக்கமில்லை. தலைவாரி நல்ல தொழிலாளி, மோசமான சங்கத்துக்காரர். சந்தா ஒழுங்காகக் கொடுப்பார், கூட்டத்துக்கு வரமாட்டார். வேலைநிறுத்தத்துக்குக் கூப்பிட்டால், “வெளியில நிக்கறேன், கோஷம் மட்டும் போடச் சொல்லாதீங்க” என்பார். சிரிக்கமாட்டார், கோபப்படமாட்டார். அப்பா செத்தபோதும் காரியத்தை முடித்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார். அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னது இது: “ஊர்ல இருக்கறவன் தலையிலெல்லாம் என்ன ஓடுதுன்னு பார்க்கறார். என் தலை நரைச்சதைப் பார்க்கலை. அந்த மெஷின்ல இவரையே ஒரு நாள் படுக்கவெச்சுப் பார்க்கணும்கா, உள்ள ஏதாவது இருக்கான்னு.”

அவருக்கு இதெல்லாம் காதில் விழும். அவரே ஒருமுறை என்னிடம் சொன்னார்: “எனக்கு ஒண்ணும் தோணறதில்லைங்க. ரொம்பத் தலை பார்த்துட்டேன்.”

இனி அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் விஷயம்.

பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனவர், லிஃப்ட் ஓடும் குழியில் விழுந்துவிட்டார். தலையில் அடி. தீவிர சிகிச்சைப் பிரிவில் மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூளை போய்விட்டது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். ஆனால் தெரிந்தால் போதாது, முறைப்படி சோதித்துச் சொல்ல வேண்டும். அதில் ஒரு சோதனை தலைவாரியுடையது. தன் அலை மெஷினை மேலே அந்தக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு போனார்.

உயிருள்ள மூளை தூங்கும்போதும் திரையில் கோடு நடுங்கிக்கொண்டே இருக்கும். செத்த மூளையில் அது இருக்காது. இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கு அலை மெஷினின் கூர்மையை உச்சத்துக்கு ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினால் பக்கத்தில் மருந்து பம்ப் ஓடுவதுகூட கோட்டில் தெரியும். யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தாலும் தெரியும். தலைவாரி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கழிப்பார். கழித்துக் கழித்துக் கடைசியில் மிச்சமிருப்பதுதான் அந்த மனிதன். அல்லது ஒன்றும் மிச்சமிருக்காது.

மத்தியானம், பார்வையாளர்களை உள்ளே விடும் நேரம். கோடுகள் நேராக ஓடின. தலைவாரி நோயாளியின் பெயரைச் சொல்லிக் காதருகே கத்தினார், கையைத் தட்டினார், நகத்தை அழுத்தினார். எதற்கும் அசைவில்லை. ஒரே ஒரு தொல்லை. காதுக்குப் பின்னால் ஒட்டிய ஒயர் கழன்றுகொண்டே இருந்தது. அந்த ஒயரோடு ஒப்பிட்டுத்தான் மற்ற ஒயர்கள் எல்லாம் அளக்கும், அது கழன்றால் படம் முழுக்கக் குப்பையாகிவிடும். டேப்பை மாற்றி ஒட்ட வேண்டும். அவசரத்தில் இந்தத் தொழில்காரர்கள் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். டேப் ஒட்டிக்கொள்கிறது என்று வலது கையில் உறை போடும் பழக்கமும் அவருக்கு இல்லை.

அப்போதுதான் மெக்கானிக்கின் மனைவி உள்ளே வந்தார். இரண்டு நாளாக மாற்றாத உடை. கட்டிலின் காலருகே நின்று, ஒரே ஒரு வார்த்தை.

“என்னங்க…”

கோடு எழுந்தது.

கொஞ்சம் பொறுத்துத்தான் எழுந்தது. கூப்பிட்டதைக் கேட்டு, யோசித்து, சரி என்று எழுந்ததுபோல. எல்லாக் கோடுகளும் ஒன்றாக, மெதுவாக, மேடாக ஏறி இறங்கின. பிறகு மறுபடி நேர்கோடு.

சிஸ்டர் கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மனைவி இன்னொரு முறை கூப்பிட்டார். கோடு இன்னொரு முறை எழுந்தது. தலைவாரிக்குப் பிடரி முடி நட்டுக்கொண்டது. பம்பை நிறுத்தச் சொன்னார். ஒயரைப் பிடித்தபடியே அவரும் நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார், அசையவில்லை. சிஸ்டர் கூப்பிட்டார், அசையவில்லை. மனைவி கூப்பிட்டார். எழுந்தது.

“சிஸ்டர், பார்த்தீங்களா? பார்த்தீங்க இல்ல?” கதவருகே நின்ற மனைவியின் அண்ணன்தான் கத்தினார்.

இந்த அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செல்போன் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வாடகை மண்டபத்தில் யாரோ ஒருவர் ஆன்மாவையும் இயற்பியலையும் சேர்த்துப் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவார். அந்த வார்டுக்கு வந்த முதல் நாளே சிஸ்டர்கள் அவருக்குக் ‘குவாண்டம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“மூளைங்கறது வெறும் ரேடியோம்மா,” என்றார் தங்கையிடம். “ஆன்மாதான் அலை. ரேடியோ உடைஞ்சா ஸ்டேஷன்ல பாட்டு நின்னுடுமா?”

“அப்ப ரேடியோவை எதுக்கு சார் எங்ககிட்ட ரிப்பேருக்குக் கொண்டுவந்தீங்க?” என்றார் சிஸ்டர். பயம் வந்தால் அந்தப் பெண்ணுக்கு வாய் நிற்காது.

“கிண்டல் பண்ணாதீங்க. ரெண்டு துகள் ஒரு தடவை பின்னிக்கிட்டா, எத்தனை மைல் தள்ளிப் போனாலும் ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு துடிக்கும். நிரூபிச்சிருக்காங்க. புருஷன் பொண்டாட்டியும் அதேதான். வேற யார் கூப்பிட்டும் அசையலை, இவ கூப்பிட்டா எழுந்துக்கறார். இதுக்கு மேல என்ன வேணும்?”

அந்தத் துகள்களுக்குக் கல்யாணம் ஆனதாக எந்த விஞ்ஞானியும் சொல்லி நான் கேட்டதில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அதுதான். ஆனால் அந்த அறையில் அன்று நின்றிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். அலை வந்ததே.

டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “இது மூளை மாதிரி இல்ல. ஆனா இப்படி ஒண்ணு இருக்கும்போது நான் முடிவு சொல்ல மாட்டேன். நாளைக்கு மறுபடி எடுங்க,” என்றார்.

அன்று சாயங்காலம் வராந்தாவில் அண்ணனும் தங்கையும் பேசியது தலைவாரியின் காதில் விழுந்தது. அண்ணன் கெட்டவர் இல்லை. தங்கைக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

“விழுந்த அன்னிக்குக் காலைல அவரை என்ன சொல்லி அனுப்பினே?”

“தெரியாத மாதிரி கேக்காதே.”

“சொல்லு.”

“பாப்பா ஸ்கூலுக்கு வரேன்னு சொல்லிட்டு வரலைன்னு… ‘லிஃப்டையே கட்டிக்கிட்டு அழுங்க, அப்படியே போயிடுங்க, திரும்பி வராதீங்க’ன்னு.”

“ம். வார்த்தையும் ஒரு வினைதான்மா. போட்டது அழியாது, எங்கேயாவது பதிஞ்சு இருக்கும். தன்வினை தன்னைச் சுடும்னு சும்மாவா சொன்னாங்க? ஆனா அவர் இன்னும் போகலை. காத்துக்கிட்டு இருக்கார். நீ பேசிப் பேசித் தீர்த்துக்கோ. எத்தனை மாசம் ஆனாலும் மெஷினை எடுக்க விடாதே. வீட்டுக்கே கொண்டுபோயிடலாம், நான் ஏற்பாடு பண்றேன்.”

அந்தப் பெண் எழுந்து, கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாராம். அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது என்றார் தலைவாரி. “அதாங்க பயமா இருந்துச்சு.”

மறுநாள் காலையில் அவர் போனபோது அந்தப் பெண் ஏற்கெனவே கட்டிலருகே இருந்தார். தொண்டை கட்டியிருந்தது. விடிந்ததிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார் என்று சிஸ்டர் சைகையில் சொன்னார். வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு இருந்த மகளிடம் போனில் பேசக்கூட நேரமில்லை. நேரம் முழுக்கக் கணவருக்குத்தான்.

தலைவாரி புது ஒயர் போட்டார், புது டேப் போட்டார். காதுக்குப் பின்னால் ஒட்டியது இம்முறை கல்லில் அடித்த ஆணிபோல நின்றது. பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கூர்மையை ஏற்றினார்.

“கூப்பிடுங்கம்மா.”

“என்னங்க…”

நேர்கோடு.

“கிட்டப் போய்க் கூப்பிடுங்க.”

“என்னங்க… நான்தாங்க…”

ஒன்றுமில்லை.

அண்ணன் தொண்டையைச் செருமினார். “சந்தேகத்தோட பார்த்தா வராது சார். பார்க்கறவன் பார்க்கற பார்வையே பொருளை மாத்திடும். அதுவும் நிரூபிச்சதுதான். நேத்து நீங்க ஒண்ணும் நினைக்காம நின்னீங்க. இன்னிக்கு சோதிக்கறீங்க.”

அதைக் கேட்டதும் தலைவாரி திரும்பி அவரையே பார்த்தார். நேற்று எப்படி நின்றோம்? நேற்று எங்கே நின்றோம்? மெதுவாகக் கட்டிலின் தலைமாட்டுக்குப் போனார். நன்றாக ஒட்டியிருந்த டேப்பைப் பாதி உரித்தார். வெறும் விரலை அந்த ஒயரின் மேல் வைத்து அழுத்தினார்.

“இப்ப கூப்பிடுங்கம்மா.”

“என்னங்க.”

ஒரு மூச்சு நேரம் கழித்து, எல்லாக் கோடுகளும் மேடாக எழுந்தன.

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டேவிட்டார். சிஸ்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். தலைவாரிக்கு மட்டும் உடம்பு சில்லிட்டுப் போனது, காரணம் வேறு. அந்த அலையை அவருக்குத் தெரியும். திடுக்கிட்டால் மனிதனுக்கு உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் வியர்வை துளிர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அது ஒரு நொடி தாமதித்து, இப்படித்தான் மேடாக ஏறி இறங்கும். உயிருள்ள விரலின் அலை. மெக்கானிக்கின் விரல் அங்கே இல்லை.

விரலை எடுத்தார். கூப்பிடச் சொன்னார். நேர்கோடு. வைத்தார். அலை.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். ஒட்டியிருந்த ஒயரோடு எடுத்த நேர்கோட்டை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படி இறங்கியிருக்கலாம். வேலை முடிந்தது. ஆனால் ‘நேத்து பதில் சொன்னார், எங்களைப் பேச விடலை’ என்று அந்தப் பெண் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பார். அல்லது வீட்டுக் கூடத்தில் ஒரு மெஷினை வைத்துக்கொண்டு, மகளை மறந்து, கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

“அம்மா,” என்றார். “அது அவர் இல்ல.”

“எது சார்?”

“அலை. அது என் விரல். நேத்தும் என் விரல்தான். தப்பு என்னுது. உறை போட்டிருக்கணும்.”

“நீங்க யார் சார் அதைச் சொல்ல?” என்று அண்ணன் பாய்ந்தார். “உங்க விரலுன்னா நீங்க கூப்பிட்டப்ப, சிஸ்டர் கூப்பிட்டப்ப ஏன் வரலை? இவ கூப்பிட்டா மட்டும் ஏன் வருது?”

அதுதான் கேள்வி.

“தெரியலைங்க,” என்றார் தலைவாரி. “எனக்கு ஒண்ணும் தோணலை. சத்தியமா. விரலுக்குத் தோணியிருக்கு.”

“அண்ணா, நீ கொஞ்சம் வெளிய இரு,” என்றார் அந்தப் பெண்.

“இல்லம்மா, இவங்க சேர்ந்துக்கிட்டு…”

“போன்னு சொல்றேன்ல.”

அவர் போனார். கதவு மூடியது. அந்தப் பெண் தலைவாரியை மறுபடி விரல் வைக்கச் சொன்னார், எடுக்கச் சொன்னார், அவரே மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். காய்கறிக்காரனின் தராசைச் சந்தேகப்படுகிறவர் பார்ப்பதுபோலத் திரையையும் விரலையும் பார்த்தார். கடைசியில் நிறுத்தினார்.

“நான் புருஷனைக் கூப்பிட்டேன். நீங்க பதில் சொல்லியிருக்கீங்க.”

“ஆமாம்மா.”

“உங்களுக்கே தெரியாம.”

“ஆமா.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாராம். “அவரு உயிரோட இருந்தப்பவே ரெண்டாவது தடவை கூப்பிட்டாதான் திரும்புவார். முதல் கூப்பாட்டுக்கே எழுந்திருச்சப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும்.” பிறகு சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒயரை எடுத்துடாதீங்க. டேப்பை மறுபடி ஒட்டுங்க. நீங்க தள்ளி நில்லுங்க,” என்றார். தலைவாரி ஒட்டினார். பதிவை நிறுத்தினார், திரை மட்டும் ஓடியது.

“திரையை அந்தப் பக்கம் திருப்பிடுங்க சார்.”

“ஏம்மா?”

“அவர்கிட்ட பேசணும். பதில் வருதா வருதான்னு பார்த்துக்கிட்டே பேசினா அது மன்னிப்பு கேக்கறது இல்ல. பரீட்சை வைக்கறது.”

திருப்பினார். இப்போது திரை தலைவாரியைப் பார்த்து இருந்தது. விரல் இல்லை, பம்ப் இல்லை, நடப்பவர் யாரும் இல்லை. கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்தாகிவிட்டது. அந்தப் பெண் குனிந்து, மெக்கானிக்கின் காதருகே வெகுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று தலைவாரி என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முடித்துவிட்டு வெளியே வந்து அண்ணனிடம் சொன்னார்: “போய் பாப்பாவைக் கூட்டிட்டு வா. அப்பாவை ஒரு தடவை பார்க்கட்டும். அப்புறம் டாக்டரம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.”

“கர்மா இருக்கும்மா… அது தீராம அனுப்பக் கூடாது…”

“என்னுது. நான் சுமந்துக்கறேன். நீ பாப்பாவைக் கூட்டிட்டு வா.”

இதை எல்லாம் தலைவாரி என்னிடம் சொன்னது ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில். கோஷம் போடாத மனிதர், அன்று நிறுத்தாமல் பேசினார். நான் கடவுளையும் நம்பாதவன், ஆன்மாவையும் நம்பாதவன். இருந்தும் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அந்தம்மா பேசினப்ப திரை உங்க பக்கம்தானே இருந்துச்சு? கோடு எப்படி இருந்துச்சு?”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேங்க.”

“முழுக்கவா?”

“முழுக்க. இத்தனை வருஷத்துல ஓடற திரையை நான் பார்க்காம நின்னது அன்னிக்கு ஒரு நாள்தான்.” டீக்குச் சட்டைப் பையில் சில்லறை தேடினார். “நேரா இருந்தா அந்தம்மாவுக்கு யாரும் இல்லை. நேரா இல்லைன்னா, முன்ன வந்த அலையும் அவரோடதுன்னு ஆகும், எனக்குள்ள யாரும் இல்லை. எதைன்னு பார்க்கச் சொல்றீங்க?”

காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அவருக்கு வேலை இருந்தது. ஒரு தலை காத்துக்கொண்டிருந்தது.