பெயருக்குத் திரும்பாத பிள்ளை

நெலிடாவின் மகனுக்குப் பதினொரு மாதம் முடிந்திருந்தது. தார்மா நகரத்துக்கு மேலே, மலைச் சரிவில் இருக்கும் சுகாதார நிலையத்தில் அன்றைக்கு அவனுக்குப் பரீட்சை. பரீட்சை என்றால் பரீட்சையேதான். பிள்ளையைப் பாயில் விட்டு, இது செய்கிறானா, அது செய்கிறானா என்று நர்ஸ் சொராய்தா ஒவ்வொன்றாக அட்டையில் குறிப்பார். வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் திறந்த கதவு வழியே எல்லாம் தெரியும். யார் பிள்ளை தேறியது, யார் பிள்ளை கோட்டை விட்டது என்பது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

பயல் நன்றாகத்தான் தொடங்கினான். நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றான். ஒற்றைச் சோள மணியை இரண்டு விரலால் கிள்ளி எடுத்தான். நெலிடாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அதோடு விட்டிருக்கக் கூடாதா!

"அனிபால்!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார் நர்ஸ். அவன் திரும்பவில்லை. "அனிபால் குட்டி!" ம்ஹூம்.

"பேரைச் சொன்னா திரும்ப மாட்டேங்கிறானே. காது கேக்குதா இவனுக்கு? பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், காட்டிடும்மா."

"ஐயோ, நல்லாக் கேக்கும் சிஸ்டர்."

"அப்புறம் ஏன் திரும்பல?"

"பாவம், செவிடு போலிருக்கு" என்றாள் பெஞ்சிலிருந்த பக்கத்து வீட்டு வில்மா. அவள் வாயிலிருந்து பாவம் என்று வந்தால் உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருக்கிறாள் என்று அர்த்தம்.

வீட்டில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதை நெலிடா எப்படிச் சொல்வாள்? தலைப்பிள்ளைக்கு அப்பன் பெயரை வைப்பது ஊர் வழக்கம், வைத்தார்கள். பிள்ளைக்கு மூன்று மாதமாகும்போது அப்பன் காட்டுப்பக்கம் தங்கச் சுரங்கத்துக்குப் போனான். போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான், படுபாவி. அதற்கப்புறம் அந்தப் பெயரைக் கொஞ்சிச் சொல்ல யாருக்கு நா வரும்? கறிக்காக அடுப்படியில் வளர்க்கும் கினிப்பன்றிகளைத் தழை தின்னக் கூப்பிடுகிற சத்தத்தாலேயே இவனையும் கூப்பிட்டுப் பழகிவிட்டாள்.

வேறு வழியில்லாமல் அதையே செய்தாள். "குய்... குய்... குய்..."

பயல் சட்டென்று திரும்பினான். வாயை ஆவென்று திறந்தபடி தவழ்ந்து வந்தான். பெஞ்சு மொத்தமும் சிரித்தது.

"அடியே, புள்ள வளக்குறியா, கினிப்பன்றி வளக்குறியா? திருவிழாவுக்கு வறுத்துப்புடாதடி!" என்றாள் வில்மா.

நெலிடாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நர்ஸ் எழுந்து கதவைச் சாத்தினார்.

"காது நல்லாருக்கு. இப்ப நீயே பேர் சொல்லிக் கூப்பிடும்மா. அம்மா குரலுக்குத் திரும்புவான்."

தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள். "அனிபால்."

பயல் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, ஒற்றை விரலால் அவளுடைய பாவாடைப் பையைச் சுட்டினான். பைக்குள் செல்போன் இருந்தது.

"அட, விரலை நீட்டிக் காட்டுறானே! அதுலயும் தேறிட்டான்!" நர்ஸ் அட்டையில் குறித்தார்.

நெலிடாவுக்குப் புரிந்துவிட்டது. ஞாயிறுதோறும் அவன் அப்பன் போன் செய்வான். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்று கத்துவாள். "அனிபால், நீயெல்லாம் மனுஷனாடா? அனிபால், உனக்கு வெக்கமே இல்லையா?" எட்டு மாதமாகப் பிள்ளை கேட்டதெல்லாம் அதுதான். அந்த மனுஷனுக்கு வெட்கம் இருந்ததோ இல்லையோ, இப்போது இவளைப் பிடுங்கித் தின்றது.

"எதைக் காட்டுறான்?" என்று கேட்டார் நர்ஸ்.

"போனை, சிஸ்டர். அது அவங்கப்பன் பேரு. போன்ல திட்டறப்ப மட்டுந்தான் சொல்வேன். அது இவன் பேருன்னு என் புள்ளைக்கு இன்னும் யாரும் சொல்லல."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினார். "ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம். இவனை ஒருதடவ, திட்டாம, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரும்மா."

நெலிடா மண்டியிட்டு, மகன் முகத்துக்கு நேராக, முடிந்தவரை மெதுவாகச் சொன்னாள். "அனிபால்."

பயல் உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கினான்.